தரிசு என்ற துப்பாக்கி

ஓநாய் வேட்டை என்றதும் நம் மனதுக்குள் ஓடுவது வேறு யாரோ எடுத்த படம். முழங்கால் அளவு பனி, ஊசியிலை மரங்கள், தோளில் துப்பாக்கியோடு ஒரு தாடிக்காரர், தூரத்தில் ஒரு ஊளை. வழி தெரியாத வனாந்தரம், அதற்குள் தனியாக நுழையும் வீரன். வீடியோ கேமிலிருந்து ஓடிடி சீரியல் வரை இதே டெம்ப்ளேட்தான். இந்தப் படத்தில் மணப்பாறைக்கு இடமே கிடையாது. மணப்பாறை என்றால் முறுக்கு, மாட்டுச்சந்தை, திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே ரயில் கொஞ்ச நேரம் நின்று கிளம்புகிற ஒரு ஸ்டேஷன். அவ்வளவுதான்.

ஆனால் இந்திய ஓநாய்க்கும் பனிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதன் வீடு அடர்ந்த காடுகூட இல்லை. புல்தரை, முள்ளுக்காடு, கரடு, ஓடைப் பள்ளம், ஆட்டுமந்தை போகிற தடம் இவைதான். மணப்பாறையிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஜன்னலுக்கு வெளியே அரை மணி நேரம் ஓடுகிற அந்த நிலம். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்ல பாருங்க, பொட்டல்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விடுகிற நிலம்.

அந்த "ஒண்ணுமே இல்ல" என்ற வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. இந்தியாவில் ஓநாயை வேட்டையாடும் மிகப் பெரிய ஆயுதம் இன்றைக்குத் துப்பாக்கி இல்லை, விஷமும் இல்லை. அது ஒரு சொல். தரிசு.

*

முதலில் துப்பாக்கிக் காலத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தச் சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது.

பிரிட்டிஷ் இந்தியாவில் ஓநாயின் தலைக்கு விலை இருந்தது. கொன்று கொண்டுவந்து காட்டினால் சர்க்கார் பணம் தரும். வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் அந்த வெகுமதிக் கணக்குகளைத் தோண்டியெடுத்துக் கூட்டியிருக்கிறார். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் கொல்லப்பட்ட புலிகள் 80,000-க்கு மேல், சிறுத்தைகள் 1,50,000-க்கு மேல், ஓநாய்கள் சுமார் 2,00,000. ஓநாயை மட்டும் எடுத்து வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 4,000. இன்று நாடு முழுக்க மிஞ்சியிருப்பதாகக் காட்டுயிர் ஆய்வாளர்கள் மதிப்பிடுவது 3,100 அளவில். அதாவது இன்றைய மொத்த ஓநாய்களையும் விட அதிகமாக, வருஷாவருஷம், ஐம்பது வருஷம் கொன்றிருக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புலிகளே சராசரியாக 3,682. புலிக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் உண்டு, தனி ஆணையம் உண்டு, விளம்பரத் தூதர்கள் உண்டு. அதைவிடக் குறைவாக இருக்கும் ஓநாய்க்கென்று பல காலம் தனியாக இருந்தது, இன்றைய ஜார்க்கண்டில் 1976-இல் அறிவிக்கப்பட்ட மஹுவாடாண்ட் சரணாலயம்.

வெள்ளைக்காரன் புலியைக் கொன்றதில் ஒரு பெருமிதம் இருந்தது. காலை மேலே வைத்து போட்டோ எடுத்துக்கொண்டான், புத்தகம் எழுதினான். ஓநாயைக் கொன்றதில் அதுவும் இல்லை. அது சுத்தமான நிர்வாக வேலை. ஏன் கொன்றான்? உழுத நிலம் வரி தரும். உழாத நிலம் வரி தராது. உழாத நிலத்தில் வாழ்கிற ஓநாய், அங்கே மேய்க்கிறவன், அங்கே வேட்டையாடித் தின்கிறவன், எல்லோரும் அந்த வரிக்கணக்குக்கு இடைஞ்சல். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வருகிறது. அதே பத்தாண்டில் விலங்குகளுக்கான வெகுமதியும் முறைப்படுகிறது. இரண்டும் ஒரே மேஜையில் எழுதப்பட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே மூளையில் எழுதப்பட்டவை என்றுதான் சொல்கிறேன். ஓரிடத்தில் நிற்காமல் அலைகிற எதுவும் குற்றம், அது நாலு காலில் அலைந்தாலும் சரி, ரெண்டு காலில் அலைந்தாலும் சரி.

அந்த மூளைக்கு நம் நிலம் அறிமுகமில்லாத வனாந்தரம். அது அவர்களுக்கு நியாயம்தான். கப்பலேறி வந்தவர்களுக்கு அப்படித்தானே இருக்கும். ஆனால் நமக்கு?

எங்கள் பக்கம் "அப்பா எங்கே?" என்று கேட்டால் "காட்டுக்குப் போயிருக்காரு" என்று பதில் வரும். புலி பார்க்கப் போகவில்லை, களையெடுக்கப் போயிருக்கிறார். கடலைக்காடு, சோளக்காடு, கொல்லைக்காடு. புன்செய் நிலத்தின் பெயரே காடு. வீட்டுக்கும் வனத்துக்கும் நடுவே கோடு போடாத மொழி இது. மழை பெய்த வருஷம் விதைப்பு, பெய்யாத வருஷம் மேய்ச்சல், ரெண்டு வருஷம் விட்டால் முள்ளும் புல்லும், அங்கே முயலும் கௌதாரியும் நரியும். மறுபடி உழுதால் மறுபடி கடலை. ஐந்து திணை வகுத்த மொழி, ஆயர் வாழும் முல்லைக்கு ஒரு கடவுளையும் ஒரு பொழுதையும் கொடுத்து வைத்தது. வெயிலில் வெந்த பாலையைக்கூட விட்டுவிடாமல் அதற்கும் செந்நாயையும் பருந்தையும் ஒதுக்கியது. "ஒண்ணுமே இல்லாத நிலம்" என்று ஒரு திணையை நாம் வகுக்கவில்லை.

*

பிறகு அது எங்கிருந்து வந்தது? கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கும் அ-பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு இருக்கும். நன்செய், புன்செய், புறம்போக்கு. அப்புறம் இரண்டு அருமையான சொற்கள்: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. தீர்வை என்றால் வரி. ஒரு நிலம் வரி கொடுக்கிறதா, கொடுக்கக்கூடுமா, கொடுக்காதா என்பதுதான் கேள்வியே. அங்கே என்ன முளைக்கிறது, என்ன மேய்கிறது, என்ன குட்டி போடுகிறது என்று கேட்கிற கட்டம் கிடையாது.

நான் பிழைப்புக்கு டேட்டாபேஸ் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஒரு அட்டவணையில் எதற்குக் கட்டம் போடவில்லையோ, அது அந்த மென்பொருளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. யாரும் அதை அழிக்க வேண்டியதில்லை. அழிக்கிற பட்டன்கூட வேண்டாம். அடுத்த முறை யாராவது அந்த அட்டவணையை நம்பி ஒரு முடிவெடுத்தால் போதும், அது தானாகக் காணாமல் போய்விடும். நம் நிலப் பதிவேட்டின் வடிவமைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரி வசூலுக்காகச் செய்யப்பட்டது. கம்ப்யூட்டர் வந்ததும் அதே கட்டங்களை அப்படியே ஏற்றி, ஆன்லைனில் வைத்து, அதற்கு நவீனம் என்று பேர் வைத்துவிட்டோம்.

டெல்லியிலும் இதே கதைதான். மத்திய அரசின் நிலவளத் துறையும் ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டுவருகின்றன. அதில் அடர் புதர் நிலம் ஒரு தரிசு வகை. திறந்த புதர் நிலம் இன்னொரு தரிசு வகை. ஓநாய், நரி, வெளிமான், கானமயில் ஆகியவற்றின் வீட்டு முகவரியை எழுதச் சொன்னால் இந்த வகைகளைத்தான் எழுத வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓநாய் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. ஆக ஒரு அரசு அலுவலகத்தில் அது உச்சபட்சப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. பக்கத்து அலுவலகத்தில் அதன் வீடு, யாராவது வந்து "பயன்படுத்த" வேண்டி காத்திருக்கும் காலி மனை. மதுரையில் நரியைப் பரியாக்கியது சிவபெருமானின் திருவிளையாடல். நரி வாழும் காட்டைத் தரிசாக்கியது கச்சேரியின் திருவிளையாடல்.

*

"அப்ப ஊருக்குத் தொழிற்சாலையே வேண்டாங்கிறியா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மணப்பாறையில் இன்று சிப்காட் இருக்கிறது. மொண்டிப்பட்டியில் 2016 முதல் தமிழ்நாடு காகித ஆலையின் இரண்டாம் அலகு ஓடுகிறது. அங்கே வேலை கிடைத்தவன் பெங்களூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறவில்லை. ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதிக்கிற நான், ஊரிலேயே சம்பாதிக்கிறவனைப் பார்த்து "இயற்கை போச்சே" என்று உருகினால் அதைவிட அசிங்கம் இல்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அது.

என் சண்டை ஆலையோடு இல்லை, கணக்கோடு. ஒரு நிலத்தை எடுக்கும்போது அங்கே என்ன இருந்தது என்று முதலில் எழுதிக்கொள். இத்தனை ஆடு மேய்ந்தது, கிடை போடுகிற கோனார் குடும்பங்கள் இந்த வழியாகப் போயின, இந்த ஓடைக்கரையில் நரி குட்டி போட்டது. அப்புறம் விலை பேசு. எழுதிவிட்டு இழந்தால் அது முடிவு. எழுதாமலே இழந்தால் அதற்குப் பெயர் திருட்டு.

இன்னொன்று. தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் 1974-இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் நம் திருச்சியில்தான். பெயரிலேயே வனம் இருக்கிறது. அது வரிசை வரிசையாக வளர்ப்பதில் முக்கியமானது தைலமரம், காகிதக் கூழுக்காக. புதுக்கோட்டைப் பக்கம் போய் எந்த விவசாயியிடம் வேண்டுமானாலும் தைலமரத்தைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் திட்டுவார். பாருங்கள் விந்தையை: ஆயிரம் வகைப் புல்லும் பூச்சியும் பறவையும் இருக்கும் முள்ளுக்காடு "தரிசு". ஒரே மரம் மட்டும் ராணுவ அணிவகுப்பு போல நிற்கும் தோட்டம் "வனம்". தலைகீழாக மாட்டிய பெயர்ப்பலகை.

நல்லது நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. மணப்பாறைக்கு மேற்கே, பக்கத்தில்தான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிராணிக்காக இவ்வளவு நிலத்தை ஒதுக்க நம்மால் முடிகிறது என்றால், "முடியாது" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தேவாங்கு யாருடைய ஆட்டையும் தூக்குவதில்லை. அதை நேசிப்பதற்குச் செலவு கிடையாது. நேசத்துக்கு விலை கேட்கிற விலங்கு வரும்போதுதான் நம் வண்டவாளம் தெரியும்.

*

வண்டவாளம் 2024-இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் தெரிந்தது. மஹ்சி வட்டாரக் கிராமங்களில் அந்த மழைக்காலத்தில் ஓநாய்கள் குறைந்தது எட்டுப் பேரைக் கொன்றன. பெரும்பாலும் குழந்தைகள். இரவில் தாயின் பக்கத்தில் படுத்திருந்த குழந்தைகள். இதை வாசிக்கிற யாருக்கும் வயிறு கலங்கும். கலங்கத்தான் வேண்டும். ஓநாய்க்காகப் பேசுகிறவன் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப்போனால் அவனை நம்பாதீர்கள்.

அரசு என்ன செய்தது? "ஆபரேஷன் பேடியா" என்று பெயர் வைத்தது. பேடியா என்றால் ஓநாய். வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோன்கள் வந்தன. வெளியிலிருந்து துப்பாக்கி சுடுவோர் வந்தார்கள். குழந்தைகளின் மூத்திரத்தில் நனைத்த டெடி பொம்மைகளை ஆற்றங்கரையில் பொறியாக வைத்தார்கள். ஐந்து ஓநாய்கள் பிடிபட்டன. ஆறாவது என்று சொல்லப்பட்டதை அக்டோபரில் ஊர்க்காரர்களே அடித்துக் கொன்றார்கள். சுபம் போட்டாயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே மாவட்டத்தில் மறுபடி குழந்தைகள் தாக்கப்பட்டார்கள், மறுபடி துப்பாக்கிகள் வந்தன.

இந்தச் செய்திகளுக்கு நடுவே ஒரு சின்னத் தகவல் வந்தது. அந்தக் கிராமங்களில் பல வீடுகளுக்குக் கதவு இல்லை. தாக்குதல்களுக்குப் பிறகுதான் நிர்வாகம் கதவு மாட்டத் தொடங்கியது, விளக்கு போட்டது.

கதவு. ட்ரோன் வந்து சேர்ந்த ஊருக்குக் கதவு வந்து சேர்ந்திருக்கவில்லை. நம் சமூக ஊடகச் சண்டை எல்லாம் "ஓநாயா, குழந்தையா?" என்று நடந்தது. யாருமே "கதவு எங்கே?" என்று கேட்கவில்லை. ஓநாய் பங்களா வீட்டுக் குழந்தையைத் தூக்குவதில்லை. அது தூக்குவது நாம் ஏற்கெனவே வெளியே படுக்கவிட்ட குழந்தையை.

1996-இல் அதே மாநிலத்தின் பிரதாப்கர், சுல்தான்பூர், ஜான்பூர் மாவட்டங்களில் இதைவிடப் பெரிய துயரம் நடந்தது. பத்துக் கணக்கில் குழந்தைகள் இறந்தார்கள். அப்போது ஒரு வதந்தி பரவியது: வருவது ஓநாய் இல்லை, ஓநாய் வேஷத்தில் மனிதன். விளைவு, ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஒரு நிலத்தையும் அதன் உயிர்களையும் நாம் அந்நியமாக்கிவிட்டால், அந்த அந்நியம் விலங்கோடு நிற்காது. அடுத்து அது முகம் தெரியாத மனிதனின் கழுத்துக்கு வரும்.

*

அடுத்து ஆட்டுக்காரர். ஓநாயைப் பற்றி எழுதப்படும் அழகான வாக்கியங்களில் எப்போதும் காணாமல் போகிறவர் அவர்தான்.

2021-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, இந்திய ஓநாய் உலகின் மற்ற ஓநாய்களிலிருந்து வெகுகாலம் முன்பே பிரிந்த மிகப் பழைய கிளைகளில் ஒன்று என்று காட்டியது. படித்துவிட்டு நாம் சிலிர்க்கலாம். அந்தச் சிலிர்ப்புக்கு ரேஷன் போடுகிறவர் யார்? வெளிமான்கள் அருகிப்போன நிலத்தில் ஓநாய் தின்பது பெரும்பாலும் செம்மறியையும் வெள்ளாட்டையும்தான். நாட்டின் ஓநாய்களில் பெரும்பகுதி சரணாலயத்துக்கு வெளியேதான் வாழ்கிறது. அப்படியென்றால் இந்தியாவின் ஓநாய்ப் பாதுகாப்புத் திட்டத்துக்கு நிதி கொடுப்பது அமைச்சகம் இல்லை, தன் பட்டியில் மறுநாள் காலை ஒரு ஆடு குறைவதைக் கண்டு தலையில் கை வைக்கிற ஒருவர். தினமும் மந்தையோடு நடக்கும் அவருக்கு ஒரு ஆடு என்பது பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். அவர் ஒரு நாள் பொறுமை இழந்து வளைக்குள் புகை போட்டால் நாம் அவரைக் காட்டுமிராண்டி என்கிறோம்.

ஐரோப்பாவில் என்ன நடந்தது தெரியுமா? 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லெயனின் டாலி என்ற மட்டக்குதிரையை ஒரு ஓநாய் கொன்றது. 2023 டிசம்பரில் ஆணையம் ஓநாயின் பாதுகாப்புத் தரத்தைக் குறைக்க முன்மொழிந்தது. 2024 டிசம்பரில் பெர்ன் ஒப்பந்த நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. இதற்கு அதுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. அங்கே ஓநாய்களும் பெருகியிருக்கின்றன, விவசாயிகளின் எதிர்ப்பும் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. அந்த மட்டக்குதிரையின் பெயர் உலகத்துக்கே தெரியும். நம் ஊர்ப் பட்டியில் செத்த ஆட்டுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடைக்காது.

இன்னொரு மனிதரும் இருக்கிறார். 2020 மே 27 அன்று பாலக்காட்டில் வெடி வைத்த பழத்தைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றுக்குள் நின்றபடியே செத்தது. நாடே கொதித்தது. அடுத்த மாதமே திருச்சி ஜீயபுரம் பக்கம் இறைச்சிக்குள் அவுட்டுக்காய் வைத்து ஒரு நரியைக் கொன்றதாகப் பன்னிரண்டு பேர் கைதானார்கள். அவுட்டுக்காய் கொடூரமானது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வாய் சிதறிச் சாகிற சாவை எந்த வறுமையும் நியாயப்படுத்தாது. கைது சரி. ஆனால் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறதா? ஒரு நரியைக் கொன்றவன் ஜெயிலுக்குப் போகிறான். நூறு நரிகளின் காட்டைத் தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவருக்கு வழக்கும் இல்லை, வருத்தமும் இல்லை. ஏனென்றால் அவர் எந்த விலங்கையும் தொடவில்லை. ஒரு கட்டத்தை நிரப்பினார், அவ்வளவுதான்.

*

கோபப்பட்டுவிட்டுப் போனால் இது இன்னொரு ஸ்டேட்டஸ் ஆகிவிடும். கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுகிறேன்.

அ-பதிவேட்டில் இருந்தும் மத்திய அரசின் வரைபடத்தில் இருந்தும் "தரிசு" என்ற சொல் போக வேண்டும். புல்வெளி என்றும் முள்ளுக்காடு என்றும் மேய்ச்சல் நிலம் என்றும் எழுத ஒரு அரசாணை போதும். பெயர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள். நஞ்சை என்று எழுதியிருக்கும் ஒரு வயலை வேறு காரியத்துக்கு மாற்ற எத்தனை கையெழுத்து வேண்டும் என்று விசாரித்துப் பாருங்கள், பெயரின் பலம் புரியும்.

ஆடு போனால் பணம் வர வேண்டும். மூன்று அலுவலகம், நான்கு மாதம், ஐந்து ஜெராக்ஸ் என்று இல்லாமல், செல்போனில் எடுத்த படத்தோடு, அடுத்த சந்தை நாளுக்குள். தெருவில் இட்லி வாங்கிவிட்டு ஐந்து நொடியில் பணம் அனுப்பத் தெரிந்த நாடு இது. ஒரு ஆட்டின் விலையை ஒரு வாரத்தில் அனுப்பத் தெரியாது என்றால், அது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை. நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன், சொல்கிறேன்.

ட்ரோனுக்கு முன்னால் கதவு, துப்பாக்கிக்கு முன்னால் விளக்கு, வெளியூர்ச் சுடுநருக்கு முன்னால் உள்ளூர் ஆட்டுக்காரர். எந்த ஓடையில் எது குட்டி போடும், எந்த மாதம் எது பட்டியை நெருங்கும் என்று தெரிந்தவர் அவர். அவருக்கு அது வனாந்தரம் இல்லை, காடு. காட்டுக்குப் போய்விட்டு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர். அவரை ஒரு கமிட்டியில் உட்கார வைக்க நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

தமிழ்ச் சமவெளியில் ஓநாய் ஏறக்குறைய ஒரு பழமொழியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆடு நனைவதைப் பார்த்துப் பொய்யாக அழுகிற கயவனாக. அதைத் திட்டவும் நமக்கு அது தேவைப்படுகிறது, அது வாழும் இடம் மட்டும் தேவைப்படவில்லை. அடுத்தது நரி. அதற்கடுத்து முயலும் கௌதாரியும். எதையும் யாரும் சுட மாட்டார்கள். இரத்தம் சிந்தாது, செய்தி வராது, கைது இருக்காது. ஒரு தாலுகா அலுவலகத்தில், ஃபேன் ஓடுகிற அறையில், ஒருவர் ஒரு கட்டத்தில் மூன்று எழுத்து டைப் செய்வார். இந்த நாட்டில் ஓநாய் வேட்டை அப்படித்தான் நடக்கிறது.